டர்பைன் பிளேடும் வேக்ஸ் காஸ்டிங் தானே, நம்ம பட்டறைல ஏன் வார்க்க முடியாது?

மெழுகுமரம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கோயம்புத்தூர்ல ஒரு இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் ஃபவுண்டரில ஷெல் ரூம் (மெழுகு மேல செராமிக் ஓடு கட்டி அச்சு செய்யற எடம்) பாத்துக்கறேன், பதினோரு வருஷம் ஆச்சுங்க. வால்வு பாடி, பம்ப் இம்பெல்லர், இந்த மாதிரி ஐட்டம், முக்கால்வாசி 316 ஸ்டெயின்லெஸ் தான். போன வாரம் டீ டைம்ல பையன் ஒருத்தன் ஜெட் எஞ்சின் பிளேடு செய்யற வீடியோ ஒன்னு காட்டுனான். பாத்தா அப்படியே எங்க ஷெல் ரூம் தானுங்க. வேக்ஸ் பீசு ஒட்டறாங்க, பல பீசு சேத்து மரம் மாதிரி ட்ரீ கட்டறாங்க, ஜிர்கான் ஸ்லரில முக்கறாங்க, மண்ணு தூவறாங்க, காய வெக்கறாங்க, மறுபடி முக்கறாங்க, ஆட்டோக்ளேவ்ல (பெரிய பிரஷர் குக்கர் மாதிரி) மெழுக உருக்கி எடுக்கறாங்க. எங்க ஃபோர்மேன் பாத்துட்டு "இதத்தானடா நாம இருவது வருஷமா பண்றோம்"ன்னுட்டு டம்ளர கழுவி வெச்சுட்டு போயிட்டாரு.

எனக்குத் தான் ராத்திரி தூக்கம் வரல. அப்படின்னா இந்த பிளேடு வார்க்கறது ஏன் உலகத்துல நாலஞ்சு நாட்டுக்குத் தான் தெரியும்ன்னு சொல்றாங்க? மெட்டீரியல் வெல ஜாஸ்தின்னா புரியுது, ஆனா அத வாங்கிட்டு வந்து உருக்கி ஊத்தறதுல என்ன பெரிய கம்ப சூத்திரம் இருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, புக்குல இருக்கற மாதிரி வேண்டாம், ஷாப் ஃப்ளோர்ல என்ன நடக்குதுன்னு சொன்னீங்கன்னா நல்லாருக்கும்.

காரசேவு_77:

சிம்பிள் பாஸ். தெரிஞ்சவன் சொல்லித் தர மாட்டான், சொல்லித் தந்தா அவன் கடைய யாரு பாப்பா. எல்லாம் அரசியல். அடுத்த கேள்வி.

ஒத்தப்படிகம்:

காரசேவு, அரசியல் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா அது கடைசி அத்தியாயம். தம்பி கேட்டது நல்ல கேள்வி, கொஞ்சம் நிதானமா சொல்றேன். நான் இந்த பிளேடு காஸ்டிங்லயே பல வருஷம் இருந்தவன், எங்கன்னு கேக்காதீங்க.

உங்க ஃபோர்மேன் சொன்னது ஷெல் சூளைக்குப் போற வரைக்கும் சரி. அதுக்கு அப்புறம் ரெண்டு பாதையும் பிரிஞ்சிடும். நீங்க என்ன பண்றீங்க, ஷெல்ல ஆயிரம் டிகிரில சுட்டு எடுத்து வெளிய வெச்சு, காத்துலயே இண்டக்ஷன் ஃபர்னஸ்ல உருக்குன ஸ்டீல ஊத்துறீங்க, சில நிமிஷத்துல உறைஞ்சிடும், அதோட உங்க வேல முடிஞ்சுது. உறையும் போது உள்ள என்ன நடந்துச்சுன்னு நீங்க கவலப்பட வேண்டியதில்ல, சுருக்கு விழாம ரைசர் (மேல கூடுதலா உலோகம் தேங்கி நிக்குற பகுதி) பாத்துக்கும். பிளேடுல உருவம் வர்றது பாதி வேல கூட இல்ல, அந்த உறையுற நேரம் தான் மொத்த வேலயும்.

ஏன்னு சொல்றேன். உலோகத்த உடைச்சுப் பாத்தா பொரி உருண்ட மாதிரி, குட்டி குட்டி படிகம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும். சாதாரண சூட்டுல அந்த ஒட்டு பலம் தான். ஆயிரம் டிகிரிக்கு மேல போனா பொரி உருண்டைல வெல்லப்பாகு இளகுற மாதிரி அந்த ஒட்டுற எடம் தான் மொதல்ல வழுக்கும். இப்ப கணக்கு போடுங்க, 300 கிராம் எடையுள்ள பிளேடு, 40 சென்டிமீட்டர் ஆரத்துல, நிமிஷத்துக்கு 10,000 சுத்து. வெளிப்பக்கமா இழுக்குற விசை கிட்டத்தட்ட 13 டன் வரும். ஒரு உள்ளங்கை நீளத்து சாமான்ல சரக்கு லாரிய கட்டித் தொங்க விட்ட மாதிரி. அதுவும் செவக்கச் செவக்க காஞ்ச நிலைல, ஆயிரக்கணக்கான மணி நேரம். அப்ப இழுக்குற திசைக்குக் குறுக்க ஒரு ஒட்டு இருந்தா அங்க தான் விரியும்.

இதுக்கு ஒரு வழி, ஒட்டு எல்லாத்தையும் நெட்டுக்குத்தா ஆக்குறது. பன மட்ட நார் மாதிரி படிகம் எல்லாம் அடியிலிருந்து நுனி வரைக்கும் நீளமா ஓடும், குறுக்க ஒட்டே கிடையாது. இத டிஎஸ்னு (டைரக்ஷனல் சாலிடிஃபிகேஷன், ஒரே திசைல உறைய வெக்கறது) சொல்லுவோம். இன்னொரு வழி ஒட்டே வேண்டாம், பிளேடு முழுக்க ஒரே படிகம், கல்கண்டு மாதிரி. அது தான் சிங்கிள் கிறிஸ்டல்.

எப்படி பண்றதுன்னா, ஷெல்லுக்கு அடிப்பக்கம் தெறந்திருக்கும், அத தண்ணி ஓடுற செப்புத் தட்டு மேல உக்கார வெப்போம். சுத்தி 1500 டிகிரி ஃபர்னஸ், எல்லாமே வேக்குவம் உள்ள. ஊத்துன ஒடனே செப்புல பட்ட எடத்துல நூத்துக்கணக்குல படிகம் மொளைக்கும். அப்புறம் தட்ட மெல்ல கீழ எறக்குவோம், நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் கணக்குல. ஃபர்னஸுக்கு வெளிய வந்த பாகம் உறையும், உள்ள இருக்குறது உருகுன நிலைலயே இருக்கும். மொளச்ச படிகத்துல எது நேரா மேல பாத்து வளருதோ அது பக்கத்துல இருக்குறத ஓரங்கட்டிடும். அதுக்கு மேல ஸ்பிரிங் மாதிரி வளைஞ்ச ஒரு சின்ன குழா இருக்கும், நாங்க பிக்டெயில்னு சொல்லுவோம். பழைய தியேட்டர்ல தரை டிக்கெட்டுக்கு கம்பிக் கூண்டு கட்டி ஒரு ஆள் மட்டும் போற மாதிரி வெச்சிருப்பாங்கல்ல, அதே கதை. வெளிய எவ்ளோ கூட்டம் முண்டுனாலும் கவுண்டருக்கு ஒரு ஆள் தான் போவான். அந்த குழாவத் தாண்டி வந்த ஒத்தப் படிகம் தான் மேல பிளேடு முழுக்க ரொம்பும்.

நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர்னா, அடிக்கட்ட பிக்டெயில் எல்லாம் சேத்து 15 சென்டிமீட்டருக்கு 50 நிமிஷம் ஆச்சு. அவ்ளோ நேரம் உங்க ஷெல் 1500 டிகிரில வளையாம, தொய்யாம, உலோகத்தோட வினை புரியாம நிக்கணும். உங்க ஷெல் ரூம் ஷெல்லு சில நிமிஷம் தாங்குனாப் போதும்னு செஞ்சது. நீங்க ஷெல் ரூம் ஆளுன்றதால சொல்றேன், இங்கயே ஆரம்பிச்சிடுச்சு வித்தியாசம்.

ஒரு அதிர்ஷ்டம் என்னன்னா, இந்த நிக்கல் கலவை இயல்பாவே எந்த திசைல வேகமா வளருமோ அந்த திசைல அதோட விறைப்பு மூணுல ஒரு பங்குக்கு மேல கம்மி. விறைப்பு கம்மின்னா சூடு ஏறி எறங்கும் போது உள்ளுக்குள்ள உண்டாகுற அழுத்தமும் கம்மி, வெடிப்பு லேட்டா வரும். பழம் நழுவி பால்ல விழுந்த கதை. ஆனா படிகம் 10, 15 டிகிரிக்கு மேல சாஞ்சு வளந்துச்சுன்னா பிளேடு பாக்க எவ்ளோ லட்சணமா இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியது தான்.

ரன்வே_பார்வை:

ஒத்தப்படிகம் அண்ணன் பின்னி எடுத்துட்டாரு. நான் கொஞ்சம் வரலாறு சேக்குறேன், எஞ்சின் கதை படிக்கிறது தான் நமக்கு பொழுதுபோக்கு.

மெழுகுமரம், உங்க தொழிலும் இதுவும் சொந்தக்காரங்க தான், சந்தேகமே வேண்டாம். ரெண்டாம் உலகப்போர் டைம்ல அமெரிக்காக்காரன் விமானத்து டர்போ சூப்பர்சார்ஜருக்கு பிளேடு வேணும்னு அலையுறான், அடிச்சு அடிச்சு ஒவ்வொன்னா செஞ்சா கட்டுப்படியாகல, கடைசில எங்க போய் நிக்கிறான்னா பல் டாக்டர் கிட்ட. வைட்டாலியம்னு ஒரு கோபால்ட் குரோமியம் கலவை, பல்செட்டுக்கு பயன்படுத்துனது, அத மெழுகு வெச்சு தான் வார்ப்பாங்க. அந்த கலவையையும் எடுத்து அந்த முறையையும் எடுத்து பிளேடு வார்க்க ஆரம்பிச்சாங்க. வாய்ல வெச்ச சாமான் ஆகாயத்துக்குப் போச்சு.

அதே நேரம் ஜெர்மன்காரன் ஜூமோ 004 எஞ்சின் பண்ணான், மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்ல வந்தது. டிசைன் பிரமாதம், ஆனா நிக்கலும் குரோமியமும் கைல இல்ல. அதனால உள்ள காத்து போற மாதிரி தகடு மடிச்ச பிளேடு எல்லாம் போட்டு சமாளிச்சான், அப்படியும் எஞ்சின் ஆயுசு 10 மணி நேரம், 25 மணி நேரம் அவ்ளோ தான். இங்கிலாந்துல நிமோனிக்னு நிக்கல் கலவைய உருவாக்கி அடிச்சு உருவாக்குற பிளேடுலயே ரொம்ப நாள் ஓட்டுனாங்க.

1950கள்ல வேக்குவம்ல உருக்குறது வந்தப்புறம் தான் ஆட்டமே மாறுச்சு. அலுமினியம் டைட்டானியம் எல்லாம் ஜாஸ்தி போட முடிஞ்சுது, காத்துல உருக்குனா அது எல்லாம் எரிஞ்சு கசடா போயிடும்ல. அப்புறம் 1960கள்ல பிராட் அண்ட் விட்னிங்கற அமெரிக்க எஞ்சின் கம்பெனில வெர்ஸ்னைடர்னு ஒரு ஆளு தலைமைல நார் மாதிரி படிகம் வளக்குற வேலைய ஆரம்பிச்சாங்க, அங்கயே அந்த பத்து வருஷத்துக்குள்ள ஒத்தப் படிகமும் வளத்துட்டாங்க.

இங்க தான் எனக்குப் புடிச்ச எடம். ஒத்தப் படிகம் வளத்து டெஸ்ட் பண்ணா, நார் படிகத்த விட பெருசா ஒன்னும் முன்னேற்றம் இல்ல! செலவு மட்டும் ஜாஸ்தி. ஓரமா வெச்சுட்டாங்க. பல வருஷம் கழிச்சு தான் புரிஞ்சுது, பழைய கலவைல கார்பன், போரான், ஜிர்கோனியம் எல்லாம் போட்டிருக்கே அது எதுக்கு, ஒட்டுற எடத்த பலப்படுத்த. ஒட்டே இல்லாத பிளேடுக்கு அது எதுக்கு? அத எடுத்ததும் கலவை உருக ஆரம்பிக்குற சூடு மேல போச்சு, அதனால ஹீட் ட்ரீட்மென்ட்ட இன்னும் ஜாஸ்தி சூட்டுல பண்ண முடிஞ்சுது, பலம் எகிறிடுச்சு. அப்படி வந்தது தான் பிடபிள்யூஏ 1480ங்கற கலவை. 1982ல ஜேடி9டி-7ஆர்4 எஞ்சின்ல பயணிகள் விமானத்துலயே பறக்க ஆரம்பிச்சுது. வீட்ட இடிச்சுக் கட்டிட்டு பழைய வீட்டுத் தூணுக்கு முட்டுக் குடுத்துட்டு இருந்த மாதிரி இருந்திருக்காங்க அத்தன வருஷம்.

மெழுகுமரம்:

அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. தியேட்டர் கூண்டு சொன்னீங்க பாருங்க, ஒரே வரில மண்டைல ஏறிருச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். உறைஞ்சதுக்கு அப்புறம் எங்கள மாதிரி தான் நாக் அவுட் பண்ணுவீங்களா? நாங்க நியூமேட்டிக் சுத்தி வெச்சு டம டமன்னு அடிச்சு ஷெல்ல உதுத்துட்டு, ஷாட் பிளாஸ்ட் போட்டு, கட் பண்ணி அனுப்பிருவோம். அப்புறம் பிளேடு உள்ள காத்து போற ஓட்டை எல்லாம் இருக்குதுங்களே, அந்த சந்து பொந்து எல்லாம் எப்படி வருது, ட்ரில் போடுவாங்களா?

ஒத்தப்படிகம்:

டம டமன்னு சத்தம் கேட்டாலே எங்க ஆளுங்களுக்கு நெஞ்சு அடைக்கும் தம்பி!

ஒரு சம்பவம் சொல்றேன். நான் இருந்த எடத்துல புதுசா சேந்த பையன் ஒருத்தன், சுறுசுறுப்பானவன், நல்ல பையன். வார்த்து வந்த பிளேடுக்கு எல்லாம் சீரியல் நம்பர் போடணும்னு சொன்னதும் ஸ்டோர்ல போயி நம்பர் பஞ்ச் செட் வாங்கிட்டு வந்து, அடிக்கட்ட பக்கம் சுத்தியால ஒவ்வொரு எண்ணா அழகா அடிச்சு வெச்சுட்டான். பதினெட்டு பீசு. யாரும் கவனிக்கல, ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போயிடுச்சு, 1300 டிகிரி. வெளிய வந்து படிகம் கண்ணுக்குத் தெரியறதுக்காக ஆசிட்ல எட்ச் பண்ணிப் (மேல்தோல அரிக்க விட்டு) பாத்தா, பிளேடு முழுக்க ஒரே சாம்பல் நெறம், நம்பர் அடிச்ச எடத்துல மட்டும் சுத்தி சுத்தி பளிச் பளிச்னு சின்ன சின்ன புள்ளி. ஒவ்வொரு நம்பரச் சுத்தியும் புதுசா குட்டிப் படிகம் மொளச்சிருக்கு. அடிச்ச அடில உலோகத்துக்குள்ள நசுக்கம் உக்காந்துடுச்சு, சூடு ஏத்துனதும் அந்த நசுங்குன எடம் எல்லாம் தன்ன புதுப்பிச்சுக்கும். இத ரீகிறிஸ்டலைசேஷன்னு சொல்லுவோம். பதினெட்டும் ஸ்கிராப். பையன் ரெண்டு நாள் சாப்புடல. தப்பு அவன் மேல இல்ல, பஞ்ச் கூடாதுன்னு அவன்கிட்ட யாரும் சொல்லல, வேல பிரிச்சுக் குடுத்த நாங்க தான் சொல்லியிருக்கணும்.

பஞ்ச் அடிக்கணும்னு கூட இல்ல. கரடு முரடா கிரிட் பிளாஸ்ட் பண்ணாலே மேல்தோல்ல இது வரும். இன்னும் கொடுமை, யாரும் தொடாமலே வரும். உலோகம் ஆறும் போது சுருங்கும், உள்ள காத்துப் பாதைக்காக வெச்சிருக்குற செராமிக் கோர் அந்த அளவுக்கு சுருங்காது, அப்ப உலோகம் கோர் மேல இறுகி தன்னத் தானே இழுத்துக்கும். பின் ஓரம் ரொம்ப மெலிசு, அங்க தான் மொதல்ல தெரியும். அதனால ஷெல்ல பலமா செய்யணும், ஆனா ரொம்ப பலமா செஞ்சா ஆறும் போது பிளேட புடிச்சு நசுக்கிடும். ஒரே ஷெல் கலவை ரெண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்தணும், மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல நிக்குற ஆளு மாதிரி.

உங்க ரெண்டாவது கேள்வி. உள்ள இருக்குற சந்து எல்லாம் ட்ரில் இல்ல, அது கோர். சிலிக்கா செராமிக்ல மெலிசா, வளைஞ்சு நெளிஞ்சு, ஜாங்கிரி மாதிரி ஒரு துண்டு செஞ்சு, அதச் சுத்தி தான் வேக்ஸயே இன்ஜெக்ட் பண்ணுவோம். வார்த்ததுக்கு அப்புறம் ஆட்டோக்ளேவ்ல காஸ்டிக்ல போட்டு அந்த சிலிக்காவ கரைச்சு எடுக்கணும். உள்ள துளி ஒட்டிக்கிட்டு இருந்தாலும் ஆபத்து, அந்த வழில காத்து போகாது, அந்த எடம் வெந்துடும். எக்ஸ்ரேல உலோகத்துக்குள்ள அந்த துணுக்கு சரியா தெரியாதுன்னு கேடோலினியம் கரைசல்ல ஊற வெச்சு நியூட்ரான் படம் எடுக்குறதும் உண்டு. மேல்தோல்ல தெரியுற பொடிப் பொடி ஓட்டை மட்டும் தான் அப்புறமா லேசர்லயோ மின்பொறிலயோ போடுறது.

இன்னொன்னு, "குளிர் காத்து"ன்னு சொல்றோமே, அது கம்ப்ரஸர்லருந்து வர்ற காத்து, அதுவே 600 டிகிரிக்கு மேல இருக்கும். சுத்தி வர்ற எரிவாயு புது எஞ்சின்கள்ல 1600 டிகிரியத் தாண்டும், பிளேடு உலோகம் உருகுறதோ 1300லருந்து 1400க்குள்ள. தன் உருகுநிலைய விட சூடான காத்துல உக்காந்து வேல பாக்குது, 600 டிகிரி காத்து அதுக்கு ஏசி!

கோர் வார்க்கும் போது ஒரு மயிரிழை நகந்துச்சுன்னா ஒரு பக்கம் சுவர் மெலிசாயிடும், அதுவும் ஸ்கிராப். ரிஜெக்ஷன் எவ்ளோன்னு யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன். ஆனா ஒன்னு, ஒரு நல்ல பிளேடு வார்க்குறது கெட்டிக்காரத்தனம் இல்ல. ஆயிரம் வார்த்து ஆயிரமும் ஒரே மாதிரி வரணும், அது தான் தொழில்.

காரசேவு_77:

சரி சரி, எல்லாம் அரசியல்னு சொன்னத நான் வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா நம்ம நாட்டு தேஜஸ் போர் விமானத்துக்குன்னு பண்ண காவேரி எஞ்சின் என்ன ஆச்சு? 1989ல அனுமதி குடுத்தது, 2008ல தேஜஸ் விமானத்துலருந்து பிரிச்சு விட்டாச்சு. காவேரின்னு பேர் வெச்சாலே நமக்கு வந்து சேராது போல 😀

ஒத்தப்படிகம்:

சிரிச்சுட்டேன் போங்க. ஆனா காவேரி தேறாததுக்கு பிளேடு மட்டும் காரணம்னு நெனைக்காதீங்க, எடை, உந்துவிசை, உயரத்துல பறக்க வெச்சுப் பாக்குற வசதி இங்க இல்லாதது, அது பெரிய கதை. பிளேடு பக்கம் பாத்தா அந்த எஞ்சின் சாக்குல தான் ஹைதராபாத் டிஎம்ஆர்எல்ல (பாதுகாப்புத் துறையோட உலோக ஆராய்ச்சிக் கூடம்) நார் படிக பிளேடு வார்க்கவே கத்துக்கிட்டாங்க. 2021 ஏப்ரல்ல அதே டிஎம்ஆர்எல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்கு 60 சிங்கிள் கிறிஸ்டல் பிளேடு வார்த்து விமானம் செய்யற அரசு கம்பெனி எச்ஏஎல்கிட்ட குடுத்தாங்க, மொத்தம் அஞ்சு செட், 300 பிளேடுன்னு திட்டம். வார்க்கவே தெரியாதுன்னு சொல்றவங்களுக்கு இது பதில்.

ஆனா 300க்கும் வருஷத்துக்கு லட்சத்துக்கும் நடுவுல தான் உண்மையான மலை. ரோல்ஸ் ராய்ஸ் இங்கிலாந்துல ராதர்ஹாம்ல இதுக்குன்னே ஆலை வெச்சிருக்கான், அங்க பேச்சே வருஷத்துக்கு லட்சம் பிளேடு கணக்கு. அடுத்தவன் பிளேட வெட்டி மைக்ரோஸ்கோப்ல வெச்சா கலவை என்னன்னு சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும். சிஎம்எஸ்எக்ஸ்-4ங்கற சிங்கிள் கிறிஸ்டல் கலவைல ரீனியம் 3 சதவீதம், டான்டலம் ஆறரை, இது எல்லாம் அச்சுல வந்த விஷயம், ரகசியமே இல்ல. ஆனா எந்த எடத்துல எறக்குற வேகத்த கொறைச்சான், ஷெல்லுக்கு எங்க சூடு தாங்குற செராமிக் கம்பளி சுத்துனான், பிளேடு அடியில பிளாட்ஃபார்ம் மாதிரி அகலமா விரியுற எடத்துல வேண்டாத படிகம் மொளைக்காம எப்படித் தடுத்தான், அது பிளேடுல எழுதி இருக்காது. அது ஃபர்னஸ் பக்கத்துல நின்ன ஆளு தலைல இருக்கும். அதுக்கு மேல, ஒரு கலவைய எஞ்சின்ல போட விடணும்னா எடை கட்டித் தொங்க விட்டு சூட்டுல எவ்ளோ நேரம் நீளுதுன்னு ஆயிரக்கணக்கான மணி நேரம் டெஸ்ட் பண்ணி வெச்ச கணக்கு வேணும். நேரத்த காசு குடுத்து வாங்க முடியாது.

மெழுகுமரம் தம்பி, உங்களுக்கு ஒன்னு. ஒரேடியா சிங்கிள் கிறிஸ்டலுக்குத் தாவாதீங்க. எஞ்சின்லயே பின் வரிசை பிளேடு நெறைய இன்னும் பொரி உருண்ட ரகம் தான். லாரி, கார் டர்போசார்ஜர்ல சுத்துற டர்பைன் வீல் இருக்குல்ல, அதுவும் அதே ரகம், 713ன்னு பழைய நிக்கல் கலவை, வேக்குவம்ல வார்க்குறது. உங்க மொதலாளி ஒரு சின்ன வேக்குவம் ஃபர்னஸ் போட மனசு வெச்சா உங்க ஷெல் ரூம் அனுபவத்துக்கு அடுத்த படி அது தான். ஈயமும் பிஸ்மத்தும் மில்லியன்ல சில பங்கு கலந்தாலே கெட்டுப்போற கலவை, ஸ்கிராப் கலக்குற பழக்கத்த மட்டும் மொதல் நாளே விட்டுடணும்.

ரன்வே_பார்வை:

ரீனியம் பத்தி ஒரு குட்டித் தகவல், அது தனியா சுரங்கத்துல கெடைக்காது, செப்புச் சுரங்கத்துல வர்ற மாலிப்டினத்த வறுக்கும் போது புகைல போறதப் புடிச்சு எடுக்குறது. அதிகமா சிலி நாட்டுல. அதனால பழைய பிளேட எல்லாம் கூட தூக்கிப் போட மாட்டாங்க, உருக்கி ரீனியத்த திரும்ப எடுப்பாங்க.

மெழுகுமரம்:

அண்ணா, நாலு நாளா வேல ஜாஸ்தி, இப்பத் தான் வர முடிஞ்சுது. வீல் மேட்டர மொதலாளி காதுல போட்டாச்சுங்க, "பாக்கலாம்"ன்னாரு, எங்க ஊர்ல பாக்கலாம்ன்னா என்ன அர்த்தம்ன்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா நேத்து ஷிப்ட் முடிஞ்சு நானும் அந்த வீடியோ பையனும் ஒரு வேல பண்ணோமுங்க. ஸ்கிராப்ல கெடந்த கட்ட வெரல் தடிமன் ரன்னர் (அச்சுக்குள்ள உலோகம் ஓடுற வழில உறைஞ்ச துண்டு) ஒன்ன குறுக்கால அறுத்து, எமரி போட்டு தேச்சு, லேப்ல கெஞ்சி ஆசிட் வாங்கி எட்ச் பண்ணிப் பாத்தோம். ஓரத்துல சுத்திலும் நார் நாரா உள்ள பாத்து வளந்திருக்குது, நடுவுல பொரி. பதினோரு வருஷமா இத அறுத்து அறுத்து ஃபர்னஸ்லயே திருப்பிப் போட்டுட்டு இருந்திருக்கறேன், ஒரு தடவ கூட உள்ள பாத்ததில்லீங்க.

ஃபோர்மேன் கிட்ட காட்டுனேன். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இந்த நாரு எல்லாம் ஏன்டா ஓரத்துலருந்து மட்டும் வருது"ன்னு கேட்டாரு. செப்புத் தட்டு கதைய ஆரம்பிச்சேன், டீ ஆறிப்போச்சு, மனுசன் எந்திரிக்கவே இல்ல.

ஒத்தப்படிகம்:

அந்த ரன்னர தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி. அடுத்து ஒரு ட்ரீல அடிப்பக்கம் மட்டும் ஷெல்ல தெறந்து விட்டு ஒரு செப்புக் கட்டி மேல உக்கார வெச்சு ஊத்திப் பாருங்க. மத்த பக்கம் எல்லாம் கம்பளி நல்லா சுத்துங்க, செப்ப நல்லா காய வெச்சுக்கோங்க, ஈரம் இருந்தா தெறிக்கும், ஆளுங்க தள்ளி நிக்கணும். அறுத்துட்டு படம் போடுங்க, நார் எவ்ளோ ஒசரம் போச்சுன்னு பாப்போம்.